தாத்தா வீடு (குடும்பக் குழு): சத்துவாச்சாரி ஏல வீடு

வியாழக்கிழமை

சரவணன் அண்ணன்: [படம்: நாளிதழ் விளம்பரம்]

சரவணன் அண்ணன்: எல்லோரும் இதைப் பாருங்கள். சத்துவாச்சாரியில் 1,200 சதுர அடி மனை, கீழ்த்தளமும் மாடியும். வங்கி ஏலம். குறைந்தபட்ச விலை 46 லட்சம். வெளியில் விசாரித்தேன், அதே தெருவில் இதைவிட நிறையச் சொல்கிறார்கள்.

சரவணன் அண்ணன்: ஏலத்தில் கலந்துகொள்ள முதலில் கட்டும் முன்வைப்புத் தொகை 4.60 லட்சம், சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டும். ஏலம் செவ்வாய். குடியாத்தம் வீடு விற்ற பணம் வைப்புநிதியில்தானே கிடக்கிறது? எல்லோரும் சேர்ந்து வாங்கி வாடகைக்கு விடலாம்.

மீனா: எந்தத் தெரு அண்ணா?

சத்துவாச்சாரி சித்தி: எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அது தையல் மாஸ்டர் வீடு.

சத்துவாச்சாரி சித்தி: ஐயோ கடவுளே.

சின்ன மாமா: எந்த மாஸ்டர்

சத்துவாச்சாரி சித்தி: நம் மீனாவுக்குப் பள்ளிச் சீருடை தைத்தாரே, அவர்தான்.

ஆரணி பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை இரத்தினகிரிக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும்? காதுகுத்து நேரத்தை ஒருவரும் சொல்லவில்லை.

மீனா: 9.30 அத்தை. மொட்டை முடிந்த பிறகு காதுகுத்து.

சின்ன மாமா: குடியாத்தம் வீட்டுப் பணத்தைப் பற்றி என்னிடம் கேட்காமல் யாரும் பேச வேண்டாம். அந்த வீட்டை விற்க வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான்.

சரவணன் அண்ணன்: அதனால்தான் மாமா குழுவில் கேட்கிறேன்.

பெரிய மாமா: சரவணா, விளம்பரத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். எல்லோரும் நிதானமாகப் படியுங்கள், நீளமாக எழுதுகிறேன். கடன் தவணை 90 நாள் நின்றுபோனால் அது வாராக்கடன். அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். அதற்கும் கட்டாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தைச் சுவாதீனம், அதாவது தன் கைவசம், எடுத்து ஏலம் விடலாம். இதுவரை சரி. நீ பார்க்க வேண்டியது விளம்பரத்தின் கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் இருக்கிறது: 'அடையாளச் சுவாதீனம்'. அப்படியென்றால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சாவி வங்கியிடம் இல்லை. வீட்டுக்காரர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்.

மீனா: அப்படியானால் காலி செய்வது யார் பெரியப்பா?

பெரிய மாமா: வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனு கொடுத்து உத்தரவு வாங்கி எடுத்துத் தர வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அவர்கள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தடை வாங்கினால் உன் பணமும் போய் மாட்டிக்கொள்ளும், வீடும் கைக்கு வராது. வாடகை வரும் என்று எழுதியிருக்கிறாயே, எந்த மாதத்திலிருந்து?

சரவணன் அண்ணன்: அதற்காகத்தான் மாமா விலை குறைவு.

பெரிய மாமா: அது உண்மை. குறைவுக்குக் காரணம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி சித்தி: போன வாரம் அந்த வழியாகத்தான் கீரைக்காரம்மாவைத் தேடிப் போனேன். இரும்புக் கதவில் நோட்டீஸ் ஒட்டி, மழையில் ஊறி ஒரு மூலை பிய்ந்து தொங்குகிறது. மாஸ்டரின் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு "நீயும் வீடு பார்க்கத்தான் வந்தாயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆரணி பெரியம்மா: பாவம். அந்தப் பாவம் நமக்கு எதற்கு? சரவணா, வேண்டாம்.

சின்ன மாமா: அக்கா சொல்வது சரி

பெரிய மாமா: அக்கா, அப்படிச் சொல்லாதே. நாம் வாங்காவிட்டாலும் வேறு ஒருவர் வாங்குவார். ஏலப் பணத்தில் கடன், வட்டி, செலவு எல்லாம் போக மீதி இருந்தால் அது மாஸ்டருக்குத்தான் போக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நல்ல விலைக்கு ஏலம் போனால் அவர் கையில் நாலு காசு நிற்கும். ஆளே இல்லாமல் அடிமாட்டு விலைக்குப் போனால்தான் அவருக்கு நட்டம். ஏலம் கேட்பது பாவமில்லை. அந்த அம்மாவை வெளியே தள்ளுவது எப்படி என்று யோசிக்காமல் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மீனா: அவர்களே பணத்தைக் கட்டி மீட்க முடியாதா? அவர் மகள் என்னோடு படித்தாள். நாம் கைமாற்றாகக் கொடுத்தால்?

பெரிய மாமா: முன்பு விற்பனை முடியும் வரை மீட்கலாம். 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுக் கடனையும் கட்டியாக வேண்டும். 2023இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அறிவிப்பு வந்துவிட்டது, மீனா.

சின்ன மாமா: கைமாற்றா? இந்தக் குடும்பத்தில் கைமாற்று கொடுத்தால் எப்படித் திரும்பி வரும் என்று தங்கச்சியைக் கேளுங்கள்.

சத்துவாச்சாரி சித்தி: அண்ணா, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

சரவணன் அண்ணன்: சித்தியின் வளையலை மீட்டுக் கொடுத்துவிட்டேன் மாமா. பட்டறை தொடங்கிய நேரம், தாமதமானது. இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்?

ஆரணி பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: அத்தை, என்ன எழுதினீர்கள்?

ஆரணி பெரியம்மா: ஒன்றுமில்லை. இரத்தினகிரியில் சாப்பாடு சைவம்தானே?

மீனா: முருகன் கோயில் அத்தை! சைவம்தான். சாம்பாருக்கு இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வேண்டும் என்று சமையல்காரர் கேட்டிருக்கிறார். யாராவது வாங்கி வர முடியுமா?

சின்ன மாமா: நான் பார்க்கிறேன்

பிரபு: சரவணன் அண்ணா, ஏலத்தில் எடுத்தால் மொத்தப் பணம் எப்போது கட்ட வேண்டும்? எனக்கு அதுதான் புரியவில்லை.

பெரிய மாமா: நல்ல கேள்வி. 48 லட்சத்துக்கு எடுத்தான் என்று வைத்துக்கொள். அதில் கால்பங்கு 12 லட்சம். முன்வைப்பு 4.60 போக 7.40 லட்சத்தை அன்றோ அடுத்த வேலைநாளிலோ கட்ட வேண்டும். மீதி 36 லட்சம், விற்பனை உறுதியான 15 நாளுக்குள். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு நீளும், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது. தவறினால் கட்டிய பணம் பறிபோகும். வைப்புநிதியில் இருப்பது எல்லோர் பங்கும் சேர்த்து 31 லட்சம். மீதிக்கு எங்கே போவாய்? வீட்டுக் கடன் கேட்கலாம், ஆனால் ஆள் இருக்கும் வீட்டுக்கு 15 நாளில் கடன் வாங்குவது லேசான காரியமில்லை. ஏலம் சூடுபிடித்து 50 லட்சத்தைத் தொட்டால் ஒரு விழுக்காடு வருமான வரிப் பிடித்தம் செய்து கட்டுவதும் வாங்குகிறவன் வேலை. 'உள்ளது உள்ளபடி' என்று போட்டிருப்பதால் வீட்டு வரி, மின்கட்டணப் பாக்கி எல்லாம் பெரும்பாலும் நம் தலையில்தான் விடியும்.

பிரபு: பாதி இப்போதுதான் புரிந்தது மாமா.

பெரிய மாமா: இன்னொன்று. சரவணா, விளம்பரத் தேதிக்கும் ஏலத் தேதிக்கும் இடையே எத்தனை நாள்?

சரவணன் அண்ணன்: 16.

பெரிய மாமா: அப்படியானால் இது முதல் ஏலம் இல்லை. முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அது நடக்காமல் போய் மறுபடி விட்டால்தான் 15 நாள் போதும். முன்பு ஒருமுறை ஏலத்துக்கு வந்து விலைபோகாத வீடு இது. ஏன் போகவில்லை என்று யாராவது விசாரித்தீர்களா?

சத்துவாச்சாரி சித்தி: பின்பக்கப் பாதைத் தகராறாக இருக்கும் அண்ணா. மாஸ்டரின் தம்பி அது தன் பங்கு என்று கல் நட்டு வைத்திருக்கிறார். கழிவுநீர்க் குழாய் அந்த வழியாகத்தான் போகிறது.

பிரபு: அடேயப்பா.

சரவணன் அண்ணன்: இது எனக்குத் தெரியாது.

பெரிய மாமா: பத்திரத்தில் பாதை எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று இணையத்திலேயே எடுக்கலாம், குறைந்தது 30 வருடத்துக்கு எடு. தாய்ப்பத்திரத்தின் நகலை வங்கியில் காட்டச் சொல். தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று ஏலம் விடும் வங்கி அதிகாரியிடம் எழுத்தில் கேள், வாய்வார்த்தை வேண்டாம்.

சின்ன மாமா: என் பங்கை நான் தரவில்லை. இப்போதே சொல்லிவிட்டேன்.

மீனா: அப்பா, உங்கள் பங்கில் எனக்கும் ஒரு வார்த்தை உண்டு.

சின்ன மாமா: நேரில் பேசலாம்

மீனா: பெரியப்பா, வாங்கினால் அவர்களையே ஒரு வருடம் வாடகைக்கு இருக்கவிடலாமா? காலி செய்யும் பிரச்சினையும் இருக்காது.

பெரிய மாமா: அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் முதலில் வங்கி சுவாதீனத்தை நம் கையில் ஒப்படைத்ததாக எழுதித் தர வேண்டும், பிறகு புது வாடகை ஒப்பந்தம். அதற்கு மாஸ்டரின் சம்மதமும் வேண்டும். அவர் மனநிலை யாருக்குத் தெரியும்?

சத்துவாச்சாரி சித்தி: நான் போய்ப் பேசிப் பார்க்கவா?

ஆரணி பெரியம்மா: நீ போகாதே. பெண்பிள்ளை தனியாக எதற்கு.

சத்துவாச்சாரி சித்தி: அக்கா, எனக்கு 58 வயது.

சரவணன் அண்ணன்: எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை இரத்தினகிரியில் உட்கார்ந்து பேசலாம் என்றால் சனிக்கிழமையே கெடு முடிந்துவிடும். 4.60 லட்சத்தை நானே புரட்டிக் கட்டுகிறேன். ஏலம் கேட்காவிட்டாலும் எடுக்காவிட்டாலும் அது திரும்பி வந்துவிடும்தானே மாமா?

பெரிய மாமா: ஏலத்தில் தோற்றால் வட்டியில்லாமல் திரும்பி வரும். கட்டிவிட்டுக் கேட்காமலே இருந்தால் என்ன என்பதற்கு ஒவ்வொரு ஏலத்துக்கும் ஒரு நிபந்தனை போடுவார்கள், அதைப் படிக்காமல் கட்டாதே. நாளை காலை பத்து மணிக்கு வேலூர் கிரீன் சர்க்கிள் வந்துவிடு, நானும் வங்கிக்கு வருகிறேன். வைப்புநிதிக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லவில்லை.

சரவணன் அண்ணன்: வருகிறேன் மாமா.

பிரபு: என் பங்கு சரி. பாதை விஷயம் தெரிந்தால் மட்டும்.

சின்ன மாமா: கத்தரிக்காய் எத்தனை கிலோ

மீனா: எட்டு அப்பா.

ஆரணி பெரியம்மா: ஆரணியிலிருந்து வர எனக்கு வண்டி யார் அனுப்புகிறீர்கள்?