[கலைச்சொல்] 'மினிமலி இன்வேசிவ்': நுண்துளையா, நூழையா, குறையூறா?

மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். இடுப்பு டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு) அறுவைக்கான ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரண்டு சொற்களில் நிற்கிறேன். ஒன்று 'மினிமலி இன்வேசிவ்', அதாவது உடலுக்குள் போகும் வழியில் சேதத்தைக் குறைத்துச் செய்யும் அறுவை. மற்றது அதில் தசையை விலக்கிப் பிடிக்கப் பயன்படும் குழல், 'டியூபுலர் ரிட்ராக்டர்'. முதலாவதற்குச் செய்தித்தாள்களில் 'நுண்துளை', 'சாவித்துவாரம்' இரண்டும் புழங்குகின்றன. 'குறை ஊடுருவல்' என்று எழுதிப் பார்த்தேன், எல்லைப் படைச் செய்தி போல ஒலிக்கிறது. படிக்கப் போகிறவர்கள் கையெழுத்திடும் நோயாளியும் வீட்டாரும்.

தமிழாசிரியர்:

முதலில் புணர்ச்சி. எண் + திசை எண்டிசை, தண் + துறை தண்டுறை. ஆகவே நுண் + துளை 'நுண்டுளை'. பிரித்தே எழுதுவதானால் இடைவெளி விடுங்கள், ஒட்டி எழுதிவிட்டு விதியை விடாதீர்கள்.

ஆனால் துளை எதற்கு? 'நுண்மாண் நுழைபுலம்' என்கிறது குறள் (407). நுண்மையும் நுழைதலும் ஒரே அடியில் அடுத்தடுத்து நிற்கின்றன. 'நுழைபுலம்' வினைத்தொகை, நுழைந்த, நுழைகின்ற, நுழையும் புலம். இதே வேரில் 'நூழை' என்றொரு சொல் உண்டு, குறுகிய வாயில் என்று பொருள். நற்றிணையில் பன்றி பொறியின் நூழை வழியே நுழைகிறது. ஓசையில் இதற்கு நெருங்கியது 'புழை'. யானையின் கை துளையுடையது என்பதால்தான் அது புழைக்கை. 'நூழையறுவை' என்று வையுங்கள். இரண்டாயிரம் ஆண்டுச் சொல் உயிர் பெறட்டும்.

செவிலியர்:

ஐயா, நூழை என்று அச்சிட்டால் 'நுழை' தவறாக அச்சாகிவிட்டது என்றே படிப்பார்கள். வார்டில் கேட்பது 'ஜவ்வு விலகிடுச்சு', 'ஓட்டை போட்டுப் பண்ற ஆபரேஷன்' என்பவைதான். 'நுண்துளை' ஓரளவு தெரிந்த சொல், ஆனால் வயிற்றுக்குள் காற்று ஊதிச் செய்யும் பித்தப்பை அறுவை வழியாகத் தெரிந்தது. 'முதுகிலும் காற்று ஊதுவீர்களா?' என்று கேட்பார்கள். அதற்கும் விடை சொல்லும்படி படிவம் இருக்கட்டும்.

நரம்பறுவை மருத்துவர்:

இந்த இழையில் கையின் நுண்மை, வழியின் சிறுமை என்று இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் சொல் தேடுவது வீண்.

நுண்ணறுவை என்பது நுண்ணோக்கியின் கீழ் செய்வது. 1967 அக்டோபர் 30 அன்று சூரிச்சில் காஸி யாஷர்கில், உச்சந்தோலின் தமனியை மூளைத் தமனியோடு இணைத்தார். தையல் போட்ட குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஆனால் அதற்கும் மண்டையோட்டைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. கை நுண்மையாக வேலை செய்தது என்பதற்காக வழி சிறிதாகிவிடாது. 1977இல் காஸ்பாரும் யாஷர்கிலும் டிஸ்க் அறுவைக்கு நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார்கள். குழல் வழி வந்தது 1997இல், ஃபோலி, ஸ்மித் இருவரால்.

குழல் வழியில் நடப்பது இது. நோயாளி குப்புறப் படுத்திருப்பார், வயிறு அழுந்தாமல் தொங்கவேண்டும். அழுந்தினால் முதுகுத்தண்டுக்குள் சிரைகள் புடைத்து இரத்தம் பார்வையை மறைக்கும். அறுவை மேசையிலேயே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் எந்த முள்ளெலும்பு என்று உறுதிசெய்த பிறகே வெட்டு. வழி குறுகியது என்பதால் தவறான மட்டத்தில் இறங்கிவிட்டால் அக்கம்பக்கம் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாது. நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி ஏறத்தாழ 2 செ.மீ. வெட்டி, ஒன்றைவிட ஒன்று பருத்த குழல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவோம். தசைநார்கள் அறுபடாமல் விலகும். திறந்த அறுவையில் இதே தசையை எலும்பிலிருந்து உரித்தெடுக்க வேண்டியிருக்கும். 'மினிமலி' என்ற சொல்லுக்கு உரிய பொருள் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. கடைசிக் குழல் 16 அல்லது 18 மி.மீ. அதை மேசையில் பூட்டிய கையில் இறுக்குவோம். நீளம் குறைந்தால் அடியில் தசை பிதுங்கி உள்ளே வரும். கூடினால் தோலுக்கு மேல் நீட்டிக்கொண்டு கருவியைச் சாய்க்க விடாது. தொடக்கத்தில் வழிகாட்டிக் கம்பி போட்டால், அது எலும்பில் முட்டாமல் இரு எலும்புகளின் இடைவெளியில் வழுக்கி, நரம்புகளைச் சுற்றியுள்ள நரம்புறையைக் குத்தலாம். அதனால் பலர் கம்பியை விட்டுவிட்டு முதல் குழலையே நேராக எலும்பில் ஊன்றுகிறார்கள். உறை கிழிந்தால் 18 மி.மீ. குழலுக்குள் தையல் போடுவது கடினம்.

எனவே சொல் துளையின் அளவைச் சொல்லக் கூடாது, வழியில் நேரும் சேதத்தைச் சொல்லவேண்டும். ஊறு என்றால் சேதம், ஆகவே 'குறையூறு அறுவை' என் முன்மொழிவு. சாவித்துவாரம் முதுகுக்கு வேண்டவே வேண்டாம். புருவத்தில் வெட்டி மூளைக்குப் போகும் வழிக்கு அது பொருந்தும். கதவின் சாவித்துளையில் கண் வைத்தால் உள்ளே அறை விரியும், அதுபோல ஆழம் போகப்போகப் பார்வை அகல்கிறது என்பதே அந்த உவமை.

செவிலியர்:

'ஊறு' என்று பார்த்ததும் வெட்டிய இடத்தில் சீழ் ஊறும் என்று பயந்துவிடுவார்கள். படிவத்தில் இது வேண்டவே வேண்டாம், டாக்டர்.

யாழ்ப்பாணத்திலிருந்து, உடற்கூற்றியல் விரிவுரையாளர்:

எங்களிடம் அறுவை என்பதே சத்திரசிகிச்சைதான். அது ஒருபுறம் இருக்கட்டும். மருத்துவர் 'நரம்புறை' என்று எழுதியது துல்லியமில்லை. எங்கள் பாடநூல்களில் அது வன்றாயி, அதற்குள் இருப்பது மென்றாயி. வல்லிய தாய், மெல்லிய தாய். தாய் எங்கிருந்து வந்தாள் என்றால், அரபு மருத்துவர்கள் மூளைச் சவ்வைத் தாய் என்றார்கள், அதை இலத்தீன் மொழிபெயர்த்தது, நாங்கள் இலத்தீனை மொழிபெயர்த்தோம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த மண் இது. படிக்கிற பிள்ளைகளுக்கு வன்றாயி கடினமாக இல்லை.

தமிழாசிரியர்:

வன் + தாயி வன்றாயி! புணர்ச்சி விதி முழுமையாக நிற்கிறது. பிள்ளைகள் வன்றாயியைப் படிக்கும்போது நோயாளி நுண்டுளையைப் படிக்க மாட்டாரா?

செவிலியர்:

பிள்ளைகளுக்கு ஓராண்டு இருக்கிறது, ஐயா. நோயாளிக்கு இருப்பது அறுவைக்கு முந்தின ஒரு மாலைதான்.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. குழலுக்கு 'விலக்குகுழல்', 'நுழைகுழல்' இரண்டும் தனிமடலில் வந்தன. விலக்கு என்றால் ஒதுக்கிவைப்பது என்று படிக்க இடமுண்டு, ஆகவே நுழைகுழல். வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' போடவில்லை. ஆறு பேர் சொன்னதில் நான்கு பேர் 'நுண்துளை' என்றார்கள். படிவத்தில் இப்படிப் போகிறது:

'தோலில் ஏறத்தாழ 2 செ.மீ. வெட்டி, தசையை அறுக்காமல் விலக்கி, நுழைகுழல் வழியே செய்யும் நுண்துளை அறுவை சிகிச்சை. காற்று ஊதுவதில்லை. வெளிக்காயம் சிறியது. உள்ளே நரம்புக்கும் அதன் உறைக்கும் காயம் ஏற்படும் ஆபத்து இதிலும் உண்டு.'

நரம்பறுவை மருத்துவர்:

கடைசி வரி இருப்பதால் படிவத்துக்கு ஒப்புகிறேன். 'நுண்துளை'க்கு ஒப்பவில்லை. 18 மி.மீ. நுண்மை அல்ல, அதில் என் சுண்டுவிரல் நுழையும். சொற்பட்டியலில் ஏற்றும்போது 'குறையூறு' என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

தமிழாசிரியர்:

ஏற்றும்போது நுண்டுளை என்று ஏற்றவும்.