ஞானிகள் வெள்ளி பார்த்து வந்தவை; பிறகேன் குறிப்புப் பார்க்கத் தடை?

பாசையூர்:
மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்களைக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு ‘ஞானிகள்’ எண்டும், பழைய புரட்டஸ்தாந்த மொழிபெயர்ப்பு ‘சாஸ்திரிகள்’ எண்டும் சொல்லுது. மூலச்சொல் ‘மாகோய்’, நட்சத்திரம் பார்த்துப் பலன் சொன்னவையையும் அது குறிக்கும். அப்படியிருக்க, கலியாணத்துக்குச் சாதகக் குறிப்புப் பொருத்தம் பார்க்கக் கூடாதெண்டு திருச்சபை சொல்லுறது என்ன நியாயத்தில?

இளவாலை:
நியாயத்தை விரிவாக எழுதினவர் புனித அகுஸ்தீன். இளவயதில் அவரே சோதிடரிட்டப் போனவர். ‘கடவுளின் நகரம்’ 5ஆம் நூலில் இரட்டைப் பிள்ளைகளைக் காட்டிக் கேக்கிறார்: ஒரே வானம், ஏன் இரண்டு வாழ்வு? வானம் குயவன் சக்கரம் மாதிரி வேகமாச் சுழலுது, கணத்துக்குக் கணம் பலன் மாறும் எண்டது சோதிடர் தரப்பு. அவ்வளவு நுணுக்கத்தை ஆர் குறிச்சு வைக்கிறது, பிறகு எப்படிப் பலன் சொல்லுறது எண்டது அகுஸ்தீனின்ர பதில்.

எங்கட கணக்கில வைச்சுப் பாருங்கோ. லக்கினம் (பிறக்கேக்க கிழக்கில உதிக்கிற ராசி) ஏறக்குறைய 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறும், நவாம்சம் (அந்த ராசியின்ர ஒன்பதில ஒரு பங்கு) 13 நிமிடத்துக்கு ஒருக்கா. 5 நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையருக்குப் பெரும்பாலும் இரண்டு கட்டமும் ஒண்டுதான். மறுபக்கம், நேரம் பார்த்த மணிக்கூடு 10 நிமிடம் பிழைச்சால் தனிப்பிள்ளைக்கே நவாம்சம் மாறிப்போகலாம்.

13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் கோடு கீறினார்: கிரகம் உடம்பைச் சாய்க்கலாம், சித்தத்தைக் கட்டாது. 1586இல் 5ஆம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் பயிர்ச்செய்கை, கடற்பயணம், மருத்துவம் மூன்றுக்கும் இடம்விட்டு, ஆளின்ர விதியைக் கணிக்கிறதைத் தடுத்தது இந்தக் கோட்டிலதான்.

பாசையூர்:
பாப்பரசர்மார் ஒருத்தரும் பார்க்கேல்லையோ?

வட்டூர்:
பார்த்தவை. 8ஆம் ஊர்பான் பாப்பரசர் 1628இல் சோதிடம் தெரிஞ்ச துறவி கம்பனெல்லாவை வைச்சுக் கிரகணத் தோஷம் கழிச்சவர். 1631இல் அவரே, பாப்பரசரின் சாவைக் கணிக்கிறவைக்கு எதிராக ஆணை போட்டார்.

யாழ்ப்பாணத்தில மிசனரிமாருக்கும் பஞ்சாங்கக்காரருக்கும் வந்த மோதல் வேற மாதிரி. 1829 மார்ச் சந்திரகிரகணத்துக்கு விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணக்கையும், வட்டுக்கோட்டைச் செமினரியில் அமெரிக்க மிசனரி டானியல் பூவர் போட்ட கணக்கையும் ஒப்பிட்டவை. பூவர் கணக்குச் சரிவந்தது. வாக்கியப் பஞ்சாங்க முறை பழைய வாய்பாட்டைத் திருத்தாமல் பாவிக்கிறதால் சந்திரனின் இடத்தில் பிழை வரும். சூரியனை விட்டுச் சந்திரன் மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகை விலகுது. ஆகவே கால் பாகை பிழைச்சாலே கிரகணம் அரை மணித்தியாலம் முந்தும், இல்லாட்டிப் பிந்தும். திதியில இந்தப் பிழையை ஒருத்தரும் காணமாட்டினம், கிரகணத்தில எல்லாரும் காணுவினம்.

ஆனால் அதில அடிபட்டது கணிதம், பலன் இல்லை. இப்பத்தைய வானியல் கணக்கை வைச்ச திருக்கணிதத்துக்கு மாறினால் அந்தக் குறை தீரும். குறிப்புப் பொருத்தத்தைத் தொடுறது இளவாலை எழுதின இரட்டையர் வாதம்தான்.