சந்திப்பில் பலகை இருந்தும் கண்ணில் படாத அனுபவம் உண்டா?

மழைக்கால பைக்கர்:
சிக்னல் இல்லாத முச்சந்தி, எல்லாருக்கும் தெரிஞ்ச வகைதான். ராத்திரி, நல்ல மழை. நான் மெயின் ரோட்டில் நேரா வர்றேன். கிளைச்சாலையிலிருந்து ஒரு கார் வேகமே குறையாம வெளியே வந்துடுச்சு. என் முன்சக்கரத்துக்கும் அதோட கதவுக்கும் நடுவுல ஒரு கை நுழையுற இடம்தான் இருந்தது. ஓட்டினவர் இறங்கி வந்தார், கை நடுங்குது. "இங்க குறுக்கே ரோடு வருதுன்னே தெரியலைங்க"ன்னார். திட்ட வாய் வரல. கிளைச்சாலை வண்டி நிக்கறதுக்கான கோடு இருந்த இடத்துல ஈரத் தார்தான் பளபளத்தது.

நடந்துபோகிறவள்:
கோடு அழிந்ததை மட்டும் குறை சொல்லாதீர்கள் சகோ. நான் பார்த்தது பட்டப்பகலில், கோடும் பளிச்சென்று இருந்தது. ஆனால் 'நில்' பலகையை மரக்கிளை மூடியிருந்தது. காற்றடித்துக் கிளை விலகும்போது மட்டும் அந்தச் சிவப்பு ஒரு நொடி தெரியும். அந்த நொடி தவறிய வேன் ஒன்று, சாலையைக் கடந்துகொண்டிருந்த பிள்ளையின் பையை உரசிக்கொண்டு போனது. பிறகு கிளையை வெட்டி, எதிர்ப்பக்கம் இன்னொரு பலகையும் நட்டார்கள். இப்போது வண்டிகள் நிற்பதைத் தினமும் பார்க்கிறேன்.

சாலைப்பணிக்காரன்:
என் மைத்துனர் இப்படி ஒரு சந்திப்பில் அடிபட்டவர், இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ராத்திரியில் கோடு மின்னுவது பெயின்ட்டால் அல்ல, மேலே தூவும் பொடிக் கண்ணாடி மணிகளால். ஹெட்லைட் வெளிச்சத்தை ஓட்டுநர் பக்கமே திருப்புவது அவைதான். மழைத்தண்ணீர் அவற்றை மூடினால் வெளிச்சம் வேறு பக்கம் சிதறிவிடும். அதனால் முதல் நண்பர் சொன்ன இடத்தில் புதுக்கோடு போட்டாலும் மழை ராத்திரிக்குப் போதாது. பெரிய பலகை இரண்டு பக்கமும் வேண்டும், கம்பத்தில் மின்னும் பட்டை வேண்டும், சற்று முன்னாலேயே 'சந்திப்பு வருகிறது' பலகை வேண்டும். நிறுத்தக் கோட்டை ரொம்பப் பின்னால் போடக்கூடாது, அங்கே நின்றால் இரு பக்கமும் தெரியாது. அமெரிக்காவில் தென் கரோலினாவில் இவற்றைச் சேர்த்துச் செய்து ஆய்ந்தார்கள். இரவு விபத்துகள் 15 சதவீதம் குறைந்தன. கிராமப்புறச் சந்திப்புகளில் உயிரிழப்பு, காய விபத்துகள் 27 சதவீதம் குறைந்தன. செலவைப் போல் சராசரி 12 மடங்கு பலன். காசில்லை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

நெடுந்தூரம்:
இவ்வளவு எதுக்குங்க, ஒரு வேகத்தடை போட்டா போதாதா?

நடந்துபோகிறவள்:
வேகத்தடைக்கு மட்டும் பெயின்ட் வேண்டாமா? கோடும் பலகையும் இல்லாத வேகத்தடையில் இரவில் ஒரு பைக் தூக்கியடித்து, பின்னால் இருந்த அம்மா விழுந்ததை நான் பார்த்தேன். எங்கள் சந்திப்பில் இப்போது மிச்சமிருக்கும் தொல்லை, முனையிலேயே நிறுத்தும் லாரிதான். அந்த மூலையில் குறுக்குக் கோடுகள் அடித்தால் விலகுவார்களா, கம்பம் நட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.