கணினி வரலாற்றுப் படங்களில் எவ்வளவு உண்மை இருந்தால் போதும்?

வால்வுப்பெட்டி கேட்டது:

'தி இமிட்டேஷன் கேம்' (2014) படத்தை மறுபடியும் பார்த்தபோது ஓர் ஐயம் எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டன் கணிதவியலாளர் ஆலன் டூரிங் சக ஊழியர்களோடு முட்டி மோதிக்கொண்டே ஏறத்தாழத் தனியாளாக ஓர் இயந்திரத்தைக் கட்டி, அதற்குக் 'கிறிஸ்டோபர்' என்று பெயரிடுகிறார். நெடுநாள் அது பயனின்றிச் சுழல்கிறது. பிறகு மதுக்கடையில் ஒரு பெண் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு, செய்திகளில் வழக்கமாக வரும் சொற்களைக் கொண்டு தேடலாமே என்று அவருக்குப் பொறி தட்ட, ஜெர்மானியரின் மறைப்பு இயந்திரமான எனிக்மா உடைபடுகிறது. இதில் எவ்வளவு உண்மை? துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு எந்தப் படத்தை நம்பிப் பரிந்துரைக்கலாம்?

நாடாவாசகன் பதிலளித்தது:

டூரிங்கின் பங்கு மிகப் பெரியது என்பதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஆனால் பலர் செய்ததையும் சேர்த்துப் படம் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டது. எனிக்மாவின் உள் இணைப்புகளைப் போலந்துக் கணிதவியலாளர் மரியன் ரெயெவ்ஸ்கி 1932-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்துவிட்டார். போர் மூளும் தறுவாயில், 1939 ஜூலையில், போலந்தினர் தாங்கள் அறிந்ததையெல்லாம் பிரிட்டனிடமும் பிரான்சிடமும் ஒப்படைத்தார்கள். எனிக்மாவை உடைக்க டூரிங் வடிவமைத்த 'பாம்ப்' என்ற இயந்திரம் முறையில் வேறானது என்றாலும், அவர் வெறுங்கையோடு தொடங்கவில்லை. அதை ஹரால்ட் கீன் தலைமையிலான பொறியாளர்கள் கட்டினார்கள். முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் 'விக்டரி' என்ற பெயரோடு, பிரிட்டனின் மறைசெய்தி உடைப்பு மையமான பிளெட்ச்லி பூங்காவுக்கு வந்தது. அங்கே பணியாற்றிய கார்டன் வெல்ச்மன் பின்னர் சேர்த்த 'மூலைவிட்டப் பலகை' என்ற கூடுதல் மின்சுற்றுதான் இந்த வகை இயந்திரத்தைப் பல மடங்கு திறனுள்ளதாக்கியது. படத்திலோ வெல்ச்மன் என்று ஓர் ஆளே கிடையாது.

என்னை மிகவும் உறுத்துவது அந்த மதுக்கடைக் காட்சி. எனிக்மா எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. ஆகவே வானிலை அறிக்கையில் வழக்கமாக வரும் ஒரு சொற்றொடரை மறைசெய்திக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே வந்தால், மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்படுகிற இடங்களை உடனே தள்ளிவிடலாம். தேறிய இடம் சரியென்று வைத்துக்கொண்டு, எனிக்மாவிலுள்ள சுழல் சக்கரங்களின் எந்த நிலையில் முரண்பாடு எழவில்லை என்று தேடுவதே 'பாம்ப்' இயந்திரத்தின் வேலை. அதாவது, கதையின் உச்சத்தில் நாயகனுக்குத் தோன்றும் அந்த யோசனை இல்லாமல் அப்படியோர் இயந்திரத்தை வடிவமைத்திருக்கவே முடியாது!

மோடம்காலத்தவர் பதிலளித்தது:

நாடாவாசகன் சொல்வது அத்தனையும் சரி. ஆனாலும் வாழ்க்கை வரலாற்றுப் படங்களைவிட, கற்பனைக் கதை என்று ஒப்புக்கொண்டு வந்த 'வார்கேம்ஸ்' (1983) தன் காலத்தின் கணினியை நேர்மையாகக் காட்டியது என்பது என் கருத்து. அதில் விளையாட்டென்று நினைத்து அமெரிக்கப் படையின் கணினிக்குள் நுழைந்துவிடும் பையனின் மேசையில் இருப்பது, முகப்பு முழுவதும் விசைகள் வரிசையிட்ட ஐஎம்எஸ்ஏஐ 8080 என்ற சிறு கணினி. தொலைபேசியின் கைப்பிடியை, கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடத்தின் இரண்டு குழிகளில் பொருத்திவிட்டு, வேறோர் ஊரிலுள்ள எண்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கணினியே அழைத்துப் பார்க்கும்படி விடுகிறான். பள்ளியின் கணினிக்குள் நுழைய அவன் எந்த மந்திரமும் செய்வதில்லை. அலுவலக மேசையில் எழுதி ஒட்டிய தாளைப் பார்க்கிறான், பழைய கடவுச்சொற்களெல்லாம் அடிக்கப்பட்டிருக்க, கடைசியில் அடிக்காமல் இருப்பதைப் படித்துக்கொள்கிறான். கணினிப் பாதுகாப்பைப் பற்றித் திரையில் வந்தவற்றுள் இதைவிட உண்மையான காட்சியை நான் பார்த்ததில்லை. அதிபர் ரீகன் அந்த ஜூனிலேயே படத்தைப் பார்த்துவிட்டு, இப்படி நடக்கக்கூடுமா என்று படைத்தலைமையிடம் கேட்டார். நிலைமை அதைவிட மோசம் என்று பதில் வந்தது. 1984 செப்டம்பரில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு ஆணை ஒன்று வெளிவருவதற்கு அந்தக் கேள்வியே தொடக்கமாயிற்று. படத்தின் இறுதியில் அந்தப் படைக் கணினி தானே பாடம் கற்றுத் திருந்துவதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

முனையம் பதிலளித்தது:

சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஜுராசிக் பார்க்' (1993) படத்தில் சிறுமி முப்பரிமாணக் கட்டங்களுக்குள் பறந்து கோப்புகளைத் தேடுவதைப் பலர் கேலி செய்கிறார்கள். அது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் உண்மையிலேயே ஓடிய மென்பொருள். 'தி மேட்ரிக்ஸ் ரீலோடட்' (2003) படத்தில் நாயகி டிரினிட்டி இயக்குவது, பிணையக் கணினிகளில் திறந்திருக்கும் வழிகளைத் தேடும் என்மேப் என்ற உண்மையான நிரல். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் அவர் பயன்படுத்தும் பாதுகாப்பு ஓட்டையும் மெய்யாகவே இருந்ததுதான். அறிவியல் புனைகதையில் கிடைத்த இந்தக் கவனம் வரலாற்றுப் படங்களுக்குக் கிடைக்காதது விந்தைதான்.

வால்வுப்பெட்டி தொடர்ந்தது:

அனைவருக்கும் நன்றி. அப்படியானால், போர்க்காலத்தில் மறைசெய்திகளை உடைக்க பிரிட்டன் கட்டிய, மின்னணுக் கணினிக்கு இன்னும் நெருக்கமான கொலோசஸ் இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு புகழ்பெற்ற படம் ஏன் வரவில்லை?

நாடாவாசகன் பதிலளித்தது:

முதற்காரணம், இரகசியம். போர் முடிந்ததும் பெரும்பாலான கொலோசஸ்கள் பிரித்துப் போடப்பட்டன. அதை உருவாக்கிய டாமி ஃபிளவர்ஸ் மேலிடத்து உத்தரவின்படி ஆவணங்களைத் தாமே எரித்தார். 1970-களில்தான் செய்தி மெல்ல வெளியே வந்தது. இரண்டாவது காரணம், திரைக்கதைக்கு ஏற்ற மோதல் அங்கே குறைவு. ஃபிளவர்ஸ் பிரிட்டன் அஞ்சல் துறையின் பொறியாளர். ஆயிரக்கணக்கில் வால்வுகளை (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களை) வைத்தால் அடிக்கடி பழுதாகும் என்று பிறர் தயங்கியபோது, அணைக்காமல் தொடர்ந்து எரியவிட்டால் அவை நெடுநாள் உழைக்கும் என்பதைத் தொலைபேசி நிலைய அனுபவத்தில் அவர் அறிந்திருந்தார். 1944-இல் பிளெட்ச்லியில் இயங்கத் தொடங்கிய கொலோசஸ், காகித நாடாவில் நொடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்தது. அது உடைக்க உதவியது எனிக்மாவை அன்று, லோரென்ஸ் என்ற வேறொரு ஜெர்மானிய மறைப்பு இயந்திரத்தின் செய்திகளை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டேயிருக்கின்றன.

புதியவர்களுக்கு 'தி இமிட்டேஷன் கேம்' படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். ஆர்வத்தைத் தூண்ட அது போதும். கையோடு, பிளெட்ச்லி பூங்காவிலுள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் மறுபடியும் கட்டி ஓடவிட்டிருக்கும் கொலோசஸின் காணொளி ஒன்றையும் காட்டிவிடுங்கள்.