டிரேடு டிரெயினிங்: போய்வந்தவர்கள் சொல்வது

முட்டத்திலிருந்து:

2006-ல் கடற்படையில் சேர்ந்தவன் நான். ஒடிசாவின் சில்காவில் அடிப்படைப் பயிற்சி முடிந்து, டிரேடு பயிற்சிக்காக, அதாவது கப்பலில் பார்க்கப்போகும் வேலையைப் படிக்க, லோனாவாலாவிலுள்ள ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைப் பள்ளிக்குப் போகும்போது, கஷ்டமெல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கடற்கரையில் வளர்ந்த உடம்பு, ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் அஞ்சியதில்லை. என்னைத் திணறடித்தது வகுப்பறைதான்.

எனக்குக் கிடைத்தது இன்ஜின் பிரிவு. எங்கள் வள்ளத்து மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். அங்கே டீசல் இன்ஜின், கேஸ் டர்பைன், பாய்லர் என்று படமும் கணக்குமாகப் படிக்க வேண்டும். பாடம் இங்கிலீஷில், திட்டு இந்தியில். முதல் தேர்வில் தேறவில்லை. அன்று ராத்திரி அழுதிருக்கிறேன். பக்கத்துக் கட்டில் கொல்லத்துப் பையன் மலையாளத்தில் சொல்லிக்கொடுத்துத்தான் கரையேறினேன். நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் புரிவது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கேதான் தெரிந்தது.

மறக்க முடியாதது டேமேஜ் கண்ட்ரோல் பயிற்சி, அதாவது கப்பலில் ஓட்டை விழுந்தால் அடைக்கப் பழகுவது. கப்பல் அறை போலவே ஓர் இரும்பு அறை. உள்ளே விட்டுக் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சுவரிலிருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் நெஞ்சில் அறைகிறது. இடுப்பளவு ஏறியாயிற்று, விளக்கும் போய்விட்டது. மர ஆப்பை வைத்து ஒருவன் பிடிக்க, இன்னொருவன் சுத்தியலால் அடிக்க வேண்டும். பிடித்தவன் நான். இரண்டு அடி என் விரலில் விழுந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஆப்பு தெறித்திருக்கும். பக்கத்தில் நிற்பவனை நம்பாமல் கப்பலில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது என்பது அன்றைக்கு விளங்கியது.

அப்புறம் மழை. ஜூன் பிறந்தால் லோனாவாலாவில் காலுறை காயவே காயாது. இரண்டு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளச்சலிலிருந்து:

அண்ணன் சொன்ன மொழிச் சிக்கல் எனக்கும் இருந்தது. நான் அக்னிவீரராக, அதாவது நாலு வருடச் சேவைக்குப் போனவன், எலக்ட்ரிக்கல் பிரிவு. பயிற்சி ஜாம்நகர் ஐ.என்.எஸ். வால்சுராவில். எந்த டிரேடு கிடைக்குமோ என்ற கவலை சில்காவில் எல்லோருக்கும் இருக்கும். சமையல், ஸ்டோர் பிரிவு கிடைத்தவர்கள் மும்பையிலுள்ள ஐ.என்.எஸ். ஹம்லா பள்ளிக்குப் போகிறார்கள். அதைக் குறைவாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். நடுக்கடலில் நேரத்துக்குச் சோறு வராவிட்டால்தான் அந்த வேலையின் அருமை தெரியும்.

நாலு வருடத்துக்குப் பிறகு அக்னிவீரர்களில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். அதனால் டிரேடு பள்ளியில் படிப்பதை, முதல் நாளிலிருந்தே வேலை பார்ப்பதாக நினைத்துச் செய்யுங்கள். முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000, அதில் 9,000 நாலு வருட முடிவில் கைக்கு வரும் சேவா நிதிக்குப் போய்விடும். வீட்டில் இதை முன்பே சொல்லிவிடுங்கள். என் அம்மா முழுப் பணமும் வரும் என்று சீட்டுப் போட்டுவிட்டு, மாதாமாதம் தவித்துப்போனார்.

பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மின்னோட்டம், மின்மாற்றி பாடங்களைக் கிளம்புவதற்குள் ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள் தம்பிமாரே, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பதில் சொல்கிறேன்.