நினைவு இடைவெளியை எப்படிக் கேட்பது?

மனநலத் துறையில் இருப்பவர்களிடம் ஓர் உதவி.

ஒரே ஆளிடம் வெவ்வேறு அடையாளங்கள் மாறி மாறி வெளிப்பட்டு, நினைவில் இடைவெளி விழுவது விலகல் அடையாளக் கோளாறு (1994-க்கு முன் 'பல ஆளுமைக் கோளாறு'). இது சிறுவயதுக் கொடுமையின் விளைவு என்கிறது ஒரு தரப்பு. சிகிச்சையாளரின் தூண்டுதலும் ஊடகமும் உருவாக்குவது என்கிறது மறுதரப்பு. நடுவில் தவிப்பது நோயாளி. டிஇஎஸ் (விலகல் அனுபவங்களை அளக்கும்) வினாத்தாளின் 28 கேள்விகளில், 0-100 அளவில் சராசரி 30-ஐத் தாண்டினால் விரிவான நேர்காணல் தேவை, அவ்வளவுதான். அதுவே நோயறிதல் ஆகாது. நினைவு இடைவெளிக்கு வலிப்போ மதுவோ காரணமல்ல என்பதையும் உறுதி செய்தாக வேண்டும்.

சிக்கல் கேள்வியில்தான். "உங்களுக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்றாலே பதிலை ஊட்டிவிடுகிறோம். "நேற்று சாயங்காலம் என்ன செஞ்சீங்க?" என்று தொடங்கி, இடைவெளி தெரிந்தால் மட்டும் "அப்புறம் அது எப்படித் தெரிய வந்துச்சு?" என்று போவது நல்லது.

இப்படிப் பதிலைத் திணிக்காத பேச்சுத்தமிழ்க் கேள்விகள் உங்களிடம் இருந்தால், சொல் மாறாமல் அப்படியே பகிருங்கள். எது தவறான பதிலை வரவழைத்தது என்பதையும் எழுதுங்கள். அதுதான் அதிகம் தேவை.