மறு: கலைச்சொல் வேண்டும் – ‘மீள்பாடு’, ‘படுவீதம்’

நண்பர்களுக்கு வணக்கம். சிலவற்றைக் குறித்துவைத்து, அவற்றில் எத்தனை அடுத்த முறையும் திரும்ப வருகின்றன என்று பார்த்து, எல்லாவற்றையும் எண்ணாமலே மொத்தத்தைக் கணிக்கும் முறைக்குத்தான் சொல் தேடுகிறோம்.

> ‘குறியிட்டு மீளப்பிடித்தல்’ பாடநூலில் இருக்கிறதே. புதுச் சொல் எதற்கு?

பிடிக்காமலே இந்தக் கணக்கைச் செய்கிறார்கள் என்பதால்தான். வில்பத்துவில் சிறுத்தையைப் பிடித்து யாரும் குறி சுடுவதில்லை. காட்டுப் பாதையில் கட்டிவைத்த கமராவில் அதன் படம் விழுகிறது. உடம்பிலுள்ள புள்ளிகளே குறி. ஒன்றின் புள்ளி மற்றதுக்கு இராது. மனிதரை எண்ணவும் இதே கணக்கு உதவுகிறது. அங்கே ‘பிடித்தல்’ என்று வன்னியில் இருந்துகொண்டு என்னால் எழுத முடியாது.

எனக்குப் ‘பாடு’ என்ற சொல் கிடைத்தது முல்லைத்தீவுக் கரையில். விடியப்புறம் வள்ளம் இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் “பாடு எப்பிடி ஐயா?” என்று, அதாவது மீன் எவ்வளவு பட்டது என்று, கேட்டேன். வலையை உதறி, கண்ணிகளில் சிக்கியிருந்த பாசியை விரலால் எடுத்தபடியே சொன்னார்: “மீன் இல்லையெண்டில்லை பிள்ளை, படேல்லை.”

நாம் ஒரு கிழமையாகத் தேடுவது இதுதான். இருப்பது வேறு, படுவது வேறு. வலையில் படுகிறது, கண்ணில் படுகிறது, கமராவில் படுகிறது. ஒரே வினை எல்லாவற்றையும் தாங்குகிறது. ஆகவே முதலில் பட்டவை ‘முதற்பாடு’. அவற்றுள் அடுத்த முறையும் பட்டவை ‘மீள்பாடு’. இருப்பவற்றில் எத்தனைக்கு எத்தனை படுகின்றன என்பது ‘படுவீதம்’.

ஒரு குளத்தை வைத்துப் பார்ப்போம். 60 மீனுக்குச் செட்டை நுனியைச் சிறிது கத்தரித்துவிட்டுத் திரும்ப விடுகிறோம். ஒரு கிழமை கழித்து வலை போட்டால் 50 மீன். அதில் 5 கத்தரித்தவை. 60இல் 5 என்றால் படுவீதம் பன்னிரண்டில் ஒன்று. அப்படியென்றால் குளத்தில் ஏறக்குறைய 600 மீன். டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் 1896இல் மீனுக்குக் குறியிடும் வழியைக் காட்டினார். அமெரிக்கப் பறவை ஆய்வாளர் லிங்கன் 1930இல் தாராக்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டார். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, 1802இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் பிறப்புப் பதிவுகளை வைத்துப் பிரான்சின் சனத்தொகையை இதே தர்க்கத்தில் மதிப்பிட்டிருந்தார். மனிதருக்குப் போட்ட கணக்குத்தான் பிறகு மீனுக்கு வந்தது.

ஆனால் மாரியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் கணக்குக் குலைந்துவிடும். குறியிட்ட மீன் வானோடு போய்விடும், புது மீன் ஆற்றோடு வந்து சேரும். வரத்தும் போக்கும் இல்லாதபோதுதான் இந்த எளிய வாய்பாடு நிற்கும்.

> யானைக் ‘கணக்கெடுப்பு’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே?

அது எனக்கு மனவருத்தமான விஷயம். 2011 ஓகஸ்டில் நாடு முழுவதும் குளக்கரைகளில் காத்திருந்து எண்ணி 5,879 யானைகள் என்று அறிவித்தார்கள். தண்ணீருக்கு வந்து கண்ணில் பட்டவைதான் அந்த எண்ணுக்கு அடிப்படை. அடுத்த முறை எண் கூடினால் யானை கூடியதா, படுவீதம் கூடியதா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தமிழில் ஒரு சொல் வேண்டும். எங்கள் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டார் ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு’ என்பதை இங்கே ‘தொகைமதிப்பு’ என்கிறோம். ஆள் ஆளாக எண்ணுவதற்கே ‘மதிப்பு’ என்று வைத்துவிட்டதால், எண்ணாமல் கணிப்பதற்குச் சொல் மிஞ்சவில்லை. நான் அதற்குக் ‘கணிப்பு’ என்றே எழுதி வருகிறேன்.

மனிதரின் கணக்குக்கு வருகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் 1981இல் 77 ஆயிரத்துச் சொச்சம் பேர், 2012இல் 92 ஆயிரத்துச் சொச்சம். இடையில் 2001இல் எடுத்த தொகைமதிப்பு எங்களிடம் முழுமையாக வரவேயில்லை. இந்த இரண்டு எண்ணையும் கோடு போட்டு இணைத்தால் மெல்ல ஏறும் ஒரு சாய்வு தெரியும். அந்த 31 வருடம் அப்படியா இருந்தது? வான் பாய்ந்த குளம் அது.

அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 சனவரியில், போருக்குப் பின் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த கேள்வியும் இரண்டு பட்டியலில் எழுந்ததே. 2008 ஒக்டோபரில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்கில் வன்னியில் 429,059 பேர். பிறகு அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாகப் பதிவானவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இரண்டாவது பட்டியலில் படாதவர் என்பதற்கு மேல் கழித்தல் ஒன்றும் சொல்லாது. அதனால்தான் அந்தக் கேள்விக்குப் பெயர் பெயராக விடை வேண்டியிருக்கிறது. இரண்டு பட்டியலைப் பெயர் பெயராக ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்டோரைக் கணிக்கும் வழியைப் புள்ளிவிபர அறிஞர்கள் சந்திரசேகரனும் டெமிங்கும் 1949இலேயே எழுதிவைத்தார்கள்.

‘மறுபாடு’ என்று தங்கச்சி ஒருவர் முன்மொழிந்தார். நல்ல சொல்தான். ஆனால் ஒரு கால் கூடினால் ‘மாறுபாடு’. புள்ளிவிபரத்தில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது. அதனால் ‘மீள்பாடு’.

> பாடு என்றால் எங்கள் சனத்துக்குப் பட்ட பாடுதான் முதலில் ஞாபகம் வரும்.

இதற்கு என்னிடம் விடை இல்லை, சேர். நீங்களே சொல்லுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து

*

பிள்ளைக்கு,

படுவீதம் எனக்கு முழுச் சம்மதம். மீனுக்கும் சிறுத்தைக்கும் மீள்பாடு இருக்கட்டும். மனிதருக்கு வேண்டாம். இரண்டு பட்டியலிலும் உள்ள பெயரை ‘இருபதிவுப் பெயர்’ என்போம். ஒரு பெயர் இரண்டிலும் இருக்கிறது என்பதை வாசிக்கிற தாய்க்கும் விளங்கும்.

வவுனிக்குளத்திலிருந்து